சொல்லிக்கொடுத்த காய்ச்சல்

ஆகஸ்ட் 24, சனி

சேர்ந்தாயிற்று. இனிமேல் புளியங்குடியில் ஒருத்தரும் "ஏட்டி கோமதி, ஒனக்கு இன்னும் காலேஜ் கெடைக்கலயா?" என்று கேட்க முடியாது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து குழாயடியில் இதே கேள்விதான். அரசு நர்சிங் கவுன்சலிங்கில் முதல் சுற்றில் எனக்கு இடம் வரவில்லை. இரண்டாம் சுற்றுவரை பொறுத்திரு என்று அம்மா சொன்னாள். என்னோடு படித்த எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நான் மட்டும் எதைப் பார்த்துப் பொறுத்திருப்பது? சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அம்மா, "சரி, ஒன் இஷ்டம்" என்றாள். அப்பா இல்லாத வீட்டில் என்னை எதிர்த்து நிற்க அவளுக்குத் துணை யார்?

வைரம் நர்சிங் கல்லூரி. பைபாஸ் ரோட்டு மேல். பின்னால் அவர்களுடைய ஆஸ்பத்திரி, நாலு மாடி, நூறு படுக்கை. வாசலில் வெள்ளைவெளேர் என்று ஆம்புலன்ஸ். நோட்டீஸில் முதல் பக்கமே அதுதான். அதைப் பார்த்துத்தான் இந்தக் காலேஜ் என்று முடிவு செய்தேன், எனக்கென்ன வெட்கம்.

ஆபீஸ் இரண்டாவது மாடியில். அம்மா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். எலுமிச்சைக் கமிஷன் கடையில் காலையிலிருந்து சாயங்காலம்வரை மூட்டை தூக்குகிறவளுக்கு மாடிப்படி ஏற முடியவில்லையாம். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிறார்கள். "எம்மா, எந்திரி" என்று சொல்லிவிட்டு நான் முன்னால் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

நிர்வாக அதிகாரி, ஏ.ஓ. ராஜாமணி சார்தான் அங்கே எல்லாம். டி.சி., மார்க்‌ஷீட், ஜாதிச் சான்றிதழ், மூன்று ஒரிஜினலையும் ஒரு பிரவுன் கவரில் போட்டு என் பெயரை எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அம்மா சும்மா இருக்கமாட்டாமல், "எப்ப சார் திரும்பத் தருவிய?" என்று கேட்டாள்.

"படிப்பு முடிஞ்சதும் ஜம்முனு வாங்கிட்டுப் போங்கம்மா. ஒங்க வீட்டை விட இங்க பத்திரமா இருக்கும்."

எனக்கு மானம் போனது. எல்லாக் காலேஜிலும் இப்படித்தான் வாங்கி வைக்கிறார்கள்.

ஹாஸ்டலில் போனை வாங்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பேசலாம். அதனால்தான் இந்த நோட்டு.

ஆகஸ்ட் 28, புதன்

ஆஸ்பத்திரியைச் சுற்றிக் காட்டினார்கள். இவ்வளவு சுத்தமான ஆஸ்பத்திரியை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கால் வைக்க இடமிருக்காது, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். இங்கே படுக்கை விரிப்பில் கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை.

அறைத்தோழி ஜெபசெல்வி, நாசரேத்துக்காரி, காதருகே வந்து, "நோயாளிய எங்கட்டி?" என்றாள்.

"நோயில்லாம இருக்காவ. நல்லதுதானே" என்றேன். சிரிக்கவில்லை அவள். எதற்கெடுத்தாலும் குற்றம் கண்டுபிடிக்கிற ஜென்மம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அம்மாவிடம் பேசினேன். "அங்க நெறய பேருக்கு வைத்தியம் பாக்காவளா? நீயும் கூட நிக்கியா?" என்று ஆசையாகக் கேட்டாள். ஆமாம், ஒரே கூட்டம் என்றேன். வேறு என்ன சொல்ல?

இடது தோள்பட்டை கடுக்கிறதாம். மூட்டை தூக்கினால் கடுக்காதா. தைலம் தேய்க்கச் சொன்னேன். ஊசி போட்டுப் பழக எலுமிச்சம்பழம் வேண்டும் என்று எங்கள் டீச்சர் லீமா மேடம் கேட்டார்கள், அதையும் சொன்னேன். அம்மாவுக்குப் பிடிபடவில்லை.

"பழத்துக்கா ஊசி போடுவிய?"

"மொதல்ல பழத்துக்கு. அப்புறம் மனுசருக்கு."

"அப்ப நல்ல பழமா அனுப்புதேன்" என்றாள்.

செப்டம்பர் 5, வியாழன்

சாம்பார். நேற்றும் சாம்பார்.

செப்டம்பர் 12, வியாழன்

அம்மா அனுப்பிய மூட்டை பஸ்ஸில் வந்தது. ஒரு சொத்தைகூட இல்லை. ஏற்றுமதிக்குப் போகிற பழமாகப் பொறுக்கியிருக்கிறாள். முதலாளியிடம் எப்படிக் கேட்டு வாங்கினாளோ. வகுப்பு முழுக்க எலுமிச்சை வாசனை. எனக்கு அது அம்மாவின் கை வாசனை.

லீமா மேடம் மார்த்தாண்டத்துக்காரர். நன்றாகச் சொல்லித் தருவார், கோபமும் வரும். என் கைப்பிடியைப் பார்த்து, "கொள்ளாம் கோமதி, ஒனக்கு நல்ல கை" என்றார். சந்தோஷத்தில், "நெசமான பேஷண்டுக்கு எப்ப மேடம் போடுவோம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் பார்த்தார். "அடுத்த பழத்தை எடு" என்றார்.

சாயங்காலம் துணி காயப்போடப் போனபோது பார்த்தேன். ஆம்புலன்ஸுக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகள் கண் திறந்து தவழ்கின்றன. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருக்கிறது. மழைக்காலம் இல்லையா, புல் சீக்கிரம் வளரும்.

செப்டம்பர் 23, திங்கள்

இத்தனை நாளில் ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளி, வாட்ச்மேன் மட்டும்தான். தலைவலி. மாத்திரை கொடுக்க எட்டுப் பேர் ஓடினோம். பாவம், பயந்துவிட்டார்.

மூன்றாம் வருஷத்து அக்கா ஒருத்தியிடம் ஜெபா கேட்டாளாம், இங்கே எப்போதுமே இப்படித்தானா என்று. "இன்ஸ்பெக்சன் அன்னைக்குப் பாரு, படுக்க எடம் இருக்காது" என்றாளாம் அந்த அக்கா. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். உலகத்தில் எல்லாமே முதல் வருஷத்திலேயே நன்றாக இருந்துவிடுமா?

அக்டோபர் 6, ஞாயிறு

அம்மாவின் போனுக்கு மெசேஜ் வந்திருக்கிறது. நெட் சென்டர் அக்காவிடம் காட்டிப் படித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். இரண்டாம் சுற்றில் எனக்கு இடம். மதுரை அரசு நர்சிங் கல்லூரி. இருபத்தொன்றாம் தேதிக்குள் ஒரிஜினலோடு போய்ச் சேர வேண்டும்.

"மதுரைலட்டி. பெரியாஸ்பத்திரி" என்றாள் அம்மா. நான் சொன்னேன் பார்த்தாயா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"எனக்கு இங்கயே நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"சரித்தா. ஒனக்கு நல்லாருந்தா போதும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "கூட்டமா இருக்குன்ன. கூட்டத்துல நின்னாத்தான் தொழில் படியும்" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். ஜெபா என்னவென்று கேட்டாள். அவளிடம் ஏன் அப்படிக் கத்தினேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

ஏ.ஓ. சாரைப் போய்ப் பார்த்தேன். சும்மா. கேட்டு வைத்துக்கொள்வதில் தப்பில்லையே.

ஒரிஜினல் என்றதும் அவர் முகம் மாறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. தினமும் ஒருத்தி வந்து கேட்கிறாள் போல. "தாராளமா. நாலு வருசத்துக் கட்டணத்தையும் கட்டிட்டு வாங்கிட்டுப் போ" என்றார். சீட்டை வீணாக்குகிறேனாம். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அழுவேன் என்று நினைக்கவில்லை.

அவர் என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"பதினேழாம் தேதி இன்ஸ்பெக்சன். படுக்கை நிறைஞ்சிருக்கணும். ஒவ்வொரு பிள்ளையும் வீட்லேர்ந்து ஆள் கூட்டிட்டு வரணும்னு நாளைக்குச் சொல்லப்போறோம். நீ ஒங்கம்மாவைக் கூட்டிட்டு வா. நல்லபடியா முடியட்டும். அன்னைக்குச் சாயங்காலமே ஒன் கவரை என் கையாலே தாரேன். ஒரு பைசா வேண்டாம்."

"நெசமா சார்?"

"ராஜாமணி சொன்னா சொன்னதுதான்."

அப்படியென்றால் மதுரைக்கு நேரமிருக்கிறது. நல்ல மனிதர்தான் என்று இப்போது தோன்றுகிறது. நான்தான் வீணாகப் பயந்தேன்.

அக்டோபர் 10, வியாழன்

லீமா மேடம் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு யார் வருகிறார்கள் என்று கேட்டார். அம்மா என்றேன்.

"அம்மைக்கு ஒடம்பு சரியாத்தானே இருக்கு?"

"மூட்டை தூக்குற ஒடம்பு மேடம்."

"சும்மா படுத்துக் கெடக்கணும்னு நெனைக்காத. கேள்வி கேப்பாங்க. நடிக்கணும். நல்ல ஒடம்புக்காரங்களையே கூட்டிட்டு வா." அப்புறம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க கோமதி" என்றார். எதற்குச் சொன்னார் என்று கேட்கவில்லை. எனக்குப் புரிந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். முதலில் விளங்கவில்லை.

"எனக்குத்தான் ஒண்ணுமில்லயே. நான் எதுக்குட்டி கெடக்கணும்?"

"ஒரு நாள்தாம்மா. பஸ் அனுப்புவாவ. பிரியாணி உண்டும். ஒனக்கும் ஒரு நாள் ரெஸ்டு."

"பொய்யால்லா இருக்கு."

அப்போது கவரைப் பற்றிச் சொன்னேன். மதுரைக்குப் போக வேண்டும் என்பதையும் சொன்னேன். எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னேன் என்று எனக்குத்தான் தெரியும். "இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா கிறுக்கி. நான் வாரேன். எங்க படுக்கச் சொன்னாலும் படுக்கேன்" என்றாள்.

நெஞ்செரிச்சலாக இருக்கிறதாம். எலுமிச்சைக்குள்ளேயே கிடந்தால் புளித்து ஏறத்தானே செய்யும் என்று அவளே சொல்லிக்கொண்டாள். வருகிற அன்றைக்கு டாக்டரிடமும் காட்டிவிடலாம் என்றேன். அன்றைக்கு டாக்டர்கள் எல்லோரும் இருப்பார்களே.

அக்டோபர் 15, செவ்வாய்

நோய் பிரித்துக் கொடுத்தார்கள். போர்டில் படுக்கை எண், எதிரே நோய். சர்க்கரை, மூட்டுவலி, காய்ச்சல், வயிற்றுவலி. அம்மா பெண்கள் வார்டில் பதினான்காம் படுக்கை, காய்ச்சல். இருக்கிறதிலேயே சுலபமானது என்று எனக்காகக் கேட்டு வாங்கினேன். ஒரு வரிதான். 'ரெண்டு நாளா காய்ச்சல். இப்ப பரவால்ல.'

ஜெபா ஆள் கூட்டி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளுக்குத் திமிர். அவளுக்கு மதுரையில் இடம் வந்திருந்தால் தெரியும்.

அக்டோபர் 16, புதன்

நாள் முழுக்கத் துடைத்தோம். நாய்க்குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோனார்கள். எங்கே என்று கேட்டதற்கு, "ஊருக்கு" என்றார் வாட்ச்மேன். தாய் நாய் கேட் வாசலில் நின்று ஊளையிட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆம்புலன்ஸைப் போர்ட்டிகோவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நாங்கள் பிள்ளைகள் சேர்ந்து தள்ளினோம். ஸ்டார்ட் செய்தால் புகை அடித்துச் சுவர் கறுத்துவிடும், அதனால் தள்ளச் சொல்கிறார்கள் என்று ஜெபாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

நாளை இந்நேரம் கவர் என் கையில்.

அக்டோபர் 17, வியாழன்

அம்மா வந்துவிட்டாள். பழைய சேலை கட்டச் சொன்னால் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில் வந்து நிற்கிறாள். மீதியைச் சாயங்காலம் எழுதுகிறேன்.

அக்டோபர் 18, வெள்ளி

திருநெல்வேலி பெரியாஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவு வராந்தா. பக்கத்தில் ஒரு அம்மாள் பேனா கொடுத்தார். நோட்டு என் பையிலேயே இருந்தது.

நேற்றுக் காலை அம்மாவுக்கு நான்தான் ஆஸ்பத்திரி உடுப்பு மாட்டிவிட்டேன். கூச்சப்பட்டாள். உள்ளங்கையில் எலுமிச்சைக் கறை போகாமல் இருந்தது, ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தேன். பாதி குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு, குழாயைக் கையில் பிளாஸ்திரியால் ஒட்டினேன். ஊசி கிடையாது, ஒட்டு மட்டும். "வலிக்கவே இல்லயே, ஒனக்கு நல்ல கைதான்" என்றாள். வார்டே சிரித்தது.

படுக்கவைத்த கொஞ்ச நேரத்தில், "படுத்தா மூச்சு அடைக்குட்டி. உக்காந்துக்கிடட்டுமா?" என்றாள்.

"காய்ச்சக்காரி உக்காந்திருக்க மாட்டா. படும்மா" என்றேன்.

படுத்தாள். மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது, அவள் நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை ஆறாக ஊற்றுகிறது. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டே கிடந்தாள். தோள் கடுக்கா என்று கேட்டேன். "தாடை வரைக்கும் இழுக்கு" என்றாள். ஏ.ஓ. சார் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் நின்று, "ஒங்கம்மா பிரமாதமா நடிக்காங்க. எல்லாரும் இப்படிச் செய்யணும்" என்று மற்றவர்களுக்கு எடுத்துக் காட்டினார். எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. இதை எழுதத்தான் வேண்டும். பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கே பயம் வந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் ஒருவர் நடையில் நின்றார். ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "நான் பல் டாக்டர்மா. இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் வந்திருக்கேன்" என்றார். அப்படியே வேறு பக்கம் போய்விட்டார்.

லீமா மேடம் வந்து பிரஷர் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. ஏ.ஓ. சாரிடம் போய்ப் பேசியது எனக்குக் கேட்டது.

"நெசமாவே முடியல சார். உடனே கொண்டு போணும்."

"அவங்க மாடிக்கு வந்தாச்சு மேடம். இந்த நேரத்துல ஸ்ட்ரெச்சர் கீழ போனா என்ன ஆகும்? இந்த வார்டைப் பாத்துட்டுப் போகட்டும்."

மேடம் திரும்பி வரவில்லை. நடையின் கடைசியில் சுவரைப் பார்த்து நின்றார்.

இன்ஸ்பெக்சனுக்கு வந்தவர்களில் ஒரு அதிகாரி அம்மா நல்லவர் போல இருந்தார். ஒவ்வொரு படுக்கையாக நின்று கேட்டார். பதினான்காம் படுக்கைக்கு வந்து குனிந்து, "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டார்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் டிரேயோடு நிற்கிறேன். ஒரு வார்த்தை போதும், அந்த அம்மாவிடம் நான் சொல்லியிருக்கலாம். ஏ.ஓ. சார் அவர் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். என் கண்ணுக்கு அந்தக் கவர்தான் தெரிந்தது.

"ரெண்டு நாளா காய்ச்சல்மா" என்றாள் அம்மா. "இப்ப பரவால்ல."

அந்த அம்மா நெற்றியில் கை வைத்தார். "ஜில்லுனு இருக்கே?"

"மருந்து குடுத்து எறங்கிருச்சு மேடம். அதான் வேர்க்குது." சொன்னது நான். யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "நல்லா கவனிக்கிறியே. எந்த வருஷம்?" பதிலுக்குக் காத்திருக்காமல் பதினைந்துக்குப் போய்விட்டார்.

அவர்கள் சாப்பிட்டு, பேசி, கையெழுத்துப் போட்டுக் காரில் ஏறும்வரை கேட்டை விட்டு ஒரு வண்டியும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. அம்மாவை உட்காரவைத்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிரியாணி வந்தது. "நீ தின்னுட்டி, காலைலயே ஒண்ணும் தின்னுருக்க மாட்ட" என்றாள்.

கார் போனதும் ஏ.ஓ. சாரிடம் ஓடினேன். நான் வாயைத் திறக்குமுன் கவரை நீட்டினார். சொன்ன சொல் தவறாத மனிதர். "ஆம்புலன்ஸ் வேணும் சார்" என்றேன்.

"அதுல இன்ஜினே கெடையாதேம்மா. பஸ் நிக்கி, அதுல கூட்டிட்டுப் போ."

பஸ்ஸில் மற்ற நோயாளிகள் எல்லாம் பிரியாணிப் பொட்டலத்தோடு அரட்டை. கவரால்தான் அம்மாவுக்கு விசிறிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் அவள் தலை என் மடியில் சரிந்தது. நான் போட்ட சத்தத்தில் டிரைவர் அண்ணன் யாரையும் எங்கும் இறக்காமல் நேரே வழியிலிருந்த அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். கும்பிட வேண்டிய மனிதர்.

அங்கே கூட்டம். தரையெல்லாம் ஆள். ஆனால் ஸ்ட்ரெச்சர் வந்தது, டாக்டர் வந்தார், நெஞ்சில் வயரை ஒட்டினார்கள். எல்லாம் ஓடிக்கொண்டே நடந்தது. டாக்டர் அம்மாவின் கன்னத்தைத் தட்டி, "என்ன பண்ணுதும்மா?" என்றார்.

அம்மா கண்ணைத் திறந்தாள். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள்.

"ரெண்டு நாளா காய்ச்சல்" என்றாள். "இப்ப பரவால்ல."

"இல்ல சார்" என்று கத்தினேன். "காய்ச்சல் இல்ல. நெஞ்சுவலி. காலைலேர்ந்து நெஞ்சுவலி சார்."

வயரிலிருந்து வந்த காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். என் யூனிபார்மைப் பார்த்தார். "காலைலேர்ந்தா? நீ எங்கம்மா இருந்த?"

"பக்கத்துலதான் சார் இருந்தேன்."

அவர் அங்கேயே ஊசி போட்டு, ஓடுகிற ஆம்புலன்ஸ் ஒன்றில் எங்களை இங்கே அனுப்பிவைத்தார்.

அக்டோபர் 19, சனி

இதயத்தில் ஒரு பக்கம் சரியாக அசையவில்லையாம். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து டாக்டர் நிறுத்திக்கொண்டார். இன்னும் சில நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்கிறார்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஜெபா அம்மாவின் போனுக்கு அழைத்தாள். இன்ஸ்பெக்சன் நல்லபடியாக முடிந்ததாம், எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்களாம். அடுத்த வருஷம் இன்னும் நாற்பது பேரைச் சேர்க்கலாமாம். "நீ எப்பட்டி வருவ?" என்றாள். அழுதாள். லீமா மேடம் லீவாம்.

கல்லூரியைப் பற்றி யாரிடம் சொல்வது என்று பக்கத்து அம்மாளிடம் கேட்டேன். சொல்லத்தான் போகிறேன். சொன்னால் முதல் கேள்வி எனக்குத்தான் வரும். வரட்டும்.

அக்டோபர் 21, திங்கள்

இன்றுதான் மதுரைக்குக் கடைசி நாள். கவர் என் மடியில் இருக்கிறது, வேர்வையில் ஓரம் நைந்து போயிருக்கிறது. இங்கிருந்து மதுரைக்கு அடுத்தடுத்து பஸ் இருக்கிறது. பக்கத்து அம்மாள், "போயிட்டு வா தாயி, நான் பாத்துக்கிடுதேன்" என்றுகூடச் சொன்னார். எழுந்திருக்க முடியவில்லை.

பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் பார்க்க வந்தபோது என்னையும் உள்ளே விட்டார்கள். அம்மா ரொம்பச் சின்னதாகிவிட்டாள். கையில் நிஜமான ஊசி ஏறியிருக்கிறது, சுற்றிலும் நீலமாகக் கன்றியிருக்கிறது. என்னைப் பார்த்ததும், "இன்னைக்குத்தானே கடைசி? நீ இன்னும் போவலயா?" என்று உதடு மட்டும் அசைந்தது.

டாக்டர் குனிந்து, "இப்ப வலி இருக்காம்மா?" என்று கேட்டார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். அன்றைக்குப் பதினான்காம் படுக்கையில் பார்த்த அதே பார்வை. நான் எதைச் சொல்லச் சொல்கிறேன் என்று காத்துக்கொண்டிருந்தாள். டாக்டரும் என்னைப் பார்த்தார்.

"உள்ளதைச் சொல்லும்மா" என்றேன். "இனி உள்ளதைச் சொல்லு."

நம்பாமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "இருக்கு சார்" என்றாள்.

"இது எப்ப ஆரம்பிச்சது? அன்னைக்குக் காலைலயா?"

"இல்ல சார். முந்தியே இருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இவளைக் காலேஜுல சேக்கப் போனம்லா. அந்த மாடிப்படி ஏறும்போதே வலிச்சுது. பிள்ளை ஆசையா முன்னால போய்க்கிட்டிருந்தா. அதான் சொல்லல."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.